இருண்ட நிலம் – நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பர் சோமசுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பின் சிறு எழுத்துகளைப் படிக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்ததும் நான் முதலில் கையில் எடுத்தது, நீங்கள் இரவல் கொடுத்து நான் திருப்பித் தராமலே வைத்துக்கொண்ட ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் புத்தகத்தைத்தான். அதன் பேய்களைவிட எழுதியவரின் வாழ்க்கையே இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

1877 இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். பதின்மூன்று வயதில் கடல் ஆசையால் பள்ளி விடுதியை விட்டு ஓடிப்போய்ப் பிடிபட்டார். பிறகு வீட்டாரின் சம்மதத்தோடு 1891 இல் கப்பலில் பயிற்சிப் பையனாகச் சேர்ந்தார். ஆசைப்பட்டுப் போன கடலையே அவர் பின்னாளில் மனதார வெறுத்தார். மூத்த மாலுமிகளின் அடியையும் கேலியையும் தாங்க முடியாமல்தான் அந்தக் குள்ளமான பையன் உடற்பயிற்சியில் இறங்கி உடம்பை இரும்பாக்கிக்கொண்டான். கடலில் விழுந்த சக மாலுமியை, சுறாக்கள் திரியும் நீரில் குதித்துக் காப்பாற்றியதற்காக 1898 இல் உயிர் காத்தவர்களைச் சிறப்பிக்கும் ராயல் ஹியூமேன் சொசைட்டி அவருக்குப் பதக்கம் வழங்கியது.

கரை திரும்பியதும் பிளாக்பர்ன் நகரில் உடற்பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1902 இல் அவ்வூர் மேடைக்கு வந்த, பூட்டுகளிலிருந்து விடுபடும் வித்தைக்குப் பேர்போன ஹூடினியைத் தம்முடைய கைவிலங்குகளால் அவர் பூட்டிய கதை உங்களுக்குப் பிடிக்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் திணறி, கைகளில் காயத்தோடு விடுபட்ட அந்த மந்திரவாதி, பூட்டுகளில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்று மேடையிலேயே குறைபட்டுக்கொண்டாராம். பள்ளி நொடித்த பிறகே நம்மவர் பேனாவைப் பிடித்தார்.

1907 இல் வெளிவந்த 'தி வாய்ஸ் இன் த நைட்' கதையை நான் இரண்டு முறை படித்தேன். நள்ளிரவில் ஒரு படகு கப்பலை அண்டுகிறது. அதிலிருந்து ஒருவன் உணவு கேட்கிறான், ஆனால் விளக்கைக் காட்ட வேண்டாம் என்று கெஞ்சுகிறான். தீவில் ஒதுங்கிய அவனையும் அவன் காதலியையும் ஒரு பூஞ்சை மெல்ல மூடிக்கொண்டிருக்கிறது. பசி தாங்காமல் அதையே தின்றுவிட்டார்கள் என்று அவன் ஒப்புக்கொள்ளும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். கப்பலில் புழு நெளியும் ரொட்டியைத் தின்று வளர்ந்தவருக்குத்தான் இப்படி எழுத வரும் என்பது என் எண்ணம்.

1912 இல் வந்த 'தி நைட் லேண்ட்' (இருண்ட நிலம்) நாவலின் நடை, உள்ளதைச் சொன்னால், பெரும் தொல்லை. பழங்கால ஆங்கிலத்தைப் போலச் செய்யப்போய் வாசகனின் பொறுமையைச் சோதிக்கிறது. ஆனாலும் சூரியன் அணைந்துபோன உலகில், மிஞ்சிய மனிதர்கள் ஒரு மாபெரும் பிரமிடுக்குள் ஒடுங்கியிருக்க, வெளியே இருளில் ஏதேதோ காத்துக்கிடக்கும் அந்தக் காட்சி மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

முதல் உலகப் போர் மூண்டபோது அவர் மனைவியோடு பிரான்சின் தென்கரையில் வாழ்ந்துகொண்டிருந்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி, கப்பல் அதிகாரிக்கான சான்றிதழ் கையில் இருந்தும் கடற்படையை ஒதுக்கிவிட்டு, பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1916 இல் குதிரை தூக்கியெறிந்து தாடையும் தலையும் அடிபட்டதால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அத்துடன் அவர் கடமை முடிந்தது என்றே எவரும் சொல்லியிருப்பார்கள். அவரோ உடல் தேறியதும் மீண்டும் போய்ச் சேர்ந்துகொண்டார். போர்முனையின் பாழ்வெளியைக் கண்டு, தாம் கற்பனை செய்த இருண்ட நிலம் முழுவதும் இங்கேயே இருக்கிறது என்ற பொருளில் தாயாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1918 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரே பகுதியில், எதிரியைக் கண்காணிக்கும் முன்னணி நிலையில் இருந்தபோது குண்டு விழுந்து இறந்தார். வயது நாற்பது.

அந்தத் தாயார் மகனின் நாவலைப் படித்திருப்பாரா என்று நேற்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் புத்தகத்தை அடுத்த மாதம் நானே கொண்டுவந்து தருகிறேன். பூஞ்சைக் கதையின் ஓரத்தில் நீங்கள் பென்சிலால் போட்டிருக்கும் கேள்விக்குறி எதற்கு என்பதை அப்போது சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
இராமநாதன்