மரங்களை மொட்டையடிக்க வேண்டாம்: எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அண்ணாச்சிமார், அக்காமார், குடியிருப்போர் நலச் சங்கத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறப்பதற்குள் தெருவில் நிற்கிற வேம்பு, புங்கை, வாதாமரம் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடலாம் என்று கூட்டத்தில் பேசி, வீட்டு வாரியாகப் பணமும் வசூலிக்கத் தொடங்கிவிட்டீர்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்துவிடுமோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2023 மார்கழி முதல் தேதி ராத்திரி எங்கள் வீட்டு வேப்பமரம் காம்பவுண்டுச் சுவர்மேல் சாய்ந்தபோது நான் நடையில்தான் நின்றிருந்தேன்.

அன்றைக்குப் புயல் இல்லை, மழைதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அந்த மழை. மண் கூழாகி, மரம் மெதுவாக மூட்டோடு, அதாவது அடிமரத்தோடு சாய்ந்தது. ஒரு கொப்புகூட முறியவில்லை. விடிந்து பார்த்தால் தெருப்பக்கம் வேரே இல்லை. முந்தின வருடம் குழாய் பதிக்கத் தோண்டியபோது அந்தப் பக்கத்து வேரையெல்லாம் வெட்டிப் போட்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

மரத்தைப் பிடித்து நிறுத்துகிற வேர் எங்கேயோ ஆழத்தில் கிடப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலான வேர் மேல்மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள், கொப்பு விரிந்த அளவையும் தாண்டிப் படர்ந்திருக்கும். வாருகால் (சாக்கடை) கட்ட ஒரு பக்கம் வேரை வெட்டுகிறோம், மறுபக்கம் மூட்டை ஒட்டிச் சிமெண்ட் பூசுகிறோம். அதன்பிறகு தலையைச் சீவி என்ன பயன்?

மொட்டையடித்த மரம் வெட்டுவாயில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். பார்க்கப் பச்சையாக இருக்கும். ஆனால் அந்தக் கொப்புகளுக்குத் தண்டின் உள்ளே பிடிமானம் கிடையாது, மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டின இடமும் உள்ளே உளுத்துக்கொண்டே போகும். நாலைந்து வருடத்தில் கொப்பு கனத்து, ஒரு காற்றுக்குப் பிய்ந்து விழும். நாமே அடுத்த ஆபத்தை வளர்க்கிறோம். சித்திரை வெயிலில் அந்த வேம்படி நிழலை நம்பி நிற்கிற இஸ்திரி வண்டிக்காரரையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? ஒவ்வொரு மரமாகப் பார்ப்போம். மூட்டில் காளான் இருக்கிறதா, மண் விரிசல் விட்டிருக்கிறதா, புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, கவையில் வெடிப்பு உண்டா? காய்ந்த கொப்பு, ஒன்றோடொன்று உரசுகிற கொப்பு, ஓட்டின்மேல் கிடக்கிற கொப்பு, இவற்றை மட்டும் எடுத்தால் போதும். கனத்த கொப்பை அரிவாளால் கொத்தக் கூடாது. பாதியில் ஒடிந்து தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் கீழிருந்து கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து இறக்க வேண்டும். மிச்சக் கட்டையைக் கொப்பின் அடியில் புடைத்திருக்கிற வளையத்தை ஒட்டி, வளையத்தைச் சேதப்படுத்தாமல் எடுக்க வேண்டும். கரண்டு கம்பியைத் தொடுகிற கொப்பை மின்வாரிய ஆட்களிடமே விட்டுவிடுவோம்.

தென்னையில் நெற்றும் காய்ந்த மட்டையும் இறக்கினால் போதும், பச்சை ஓலையைக் கழிக்க வேண்டாம். முருங்கை மட்டும் வேறு கதை. ஒடித்து வளர்க்கிற மரம் அது, தாராளமாக வெட்டலாம்.

வசூலித்த பணத்தில் மூட்டைச் சுற்றியுள்ள சிமெண்டை உடைத்து மண் தெரிய விடுவோம். அப்புறம், தெருவில் நிற்பவை பொதுமரங்கள். மாநகராட்சியிடம் எழுதிக் கேட்காமல் யாரும் அரிவாள் எடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வாசலில் நிற்பேன். முதலில் பால்கடைப் பக்கத்து வாதாமரத்தைப் பார்ப்போம். அதன் மூட்டில் காளான் பூத்திருக்கிறது, பிள்ளைகள் அதற்கு அடியில்தான் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிறார்கள். அதை முழுதாக எடுக்கத்தான் வேண்டும் என்றால், மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.