கிரயப் பத்திர வரைபடத்தில் கடலின் எல்லையை அளவோடும் தேதியோடும் காட்ட உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
கடலோர ரிசார்ட் குடியிருப்பில் வில்லா வாங்க முன்பணம் கட்டியுள்ள ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்

பொருள்: கடற்கரையை ஒட்டிய சொகுசுக் குடியிருப்புகளில் வீடு விற்கும்போது, உயர் அலைக்கோடும் (கடல்நீர் ஏறி நிற்கும் எல்லை) அரிப்புக் கணக்கும் அரசு நில அளவரின் கையொப்பத்தோடு கிரய வரைபடத்தில் இடம்பெற வேண்டும் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 32 வருடம் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். கடலின் மேலேயே வாழ்ந்தும், கடலை உட்கார்ந்து பார்த்த நேரம் மிகக் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு காலையில் கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் நெடுநாள் ஆசை. அப்படி ஒரு ரிசார்ட் குடியிருப்பில், கடலைப் பார்த்த முதல் வரிசையில், ஒரு வில்லாவுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். கிரயம் இன்னும் ஆகவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மனு.

முதல்முறை இடம் பார்க்கப் போனது கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில். மனையின் எல்லைக்கல்லில் இருந்து ஈர மணல் வரை நடந்து எண்ணினேன். 61 எட்டு. எதையும் அளந்து பார்ப்பது தொழிலில் வந்த பழக்கம். இரண்டாம் முறை போனது கடல் கொந்தளிக்கும் பருவத்தில், பௌர்ணமிக்கு மறுநாள், நீர் ஏறி நிற்கும் நேரம். அதே கல், அதே கால்கள், 23 எட்டுதான் வந்தது. விளம்பரப் படத்தில் ஊஞ்சல் கட்டித் தொங்கவிட்டிருந்த தென்னை மரத்தைத் தேடினேன். மரம் இருந்தது. அதன் அடியில் இருந்த மணல் ஓர் ஆள் இடுப்பளவுக்குப் போய்விட்டிருந்தது. சிவந்த வேர்கள் கொத்துக் கொத்தாக வெளியே தொங்க, ஒவ்வொரு அலைக்கும் அவை நனைந்து நனைந்து ஆடிக்கொண்டிருந்தன. என் மனைவி அந்த வேரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை ஒப்பந்தத்தோடு கொடுத்த வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். வீட்டின் ஒவ்வொரு சுவருக்கும் அளவு இருந்தது. நீச்சல் குளத்தின் ஆழம், நடைபாதையின் அகலம், சாக்கடை மூடியின் குறுக்களவுகூட இருந்தது. கடல் பக்கத்தில் மட்டும் ஒரு நெளிந்த கோடு, அதன் மேல் 'கடல்' என்று ஒரு சொல். அளவு இல்லை, தேதி இல்லை, யார் அளந்தது என்றும் இல்லை. விற்பனைப் பிரிவில் கேட்டேன். அந்த இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "அது மாறிக்கொண்டே இருக்கும் சார், அதனால்தான் போடுவதில்லை."

ஐயா, மாறிக்கொண்டே இருக்கிறது என்பதால்தான் அதைப் போட வேண்டும் என்கிறேன். என் கோரிக்கை முழுவதும் இதுதான்.

கரை ஏன் இப்படி மாறுகிறது என்பது கடல் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். அமைதியான பருவத்தில் சிறிய அலைகள் மணலைக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். கரை அகன்று கொழுத்து நிற்கும். புயல் பருவத்தின் செங்குத்தான அலைகள் அதே மணலை இழுத்துக்கொண்டு போய்க் கடலுக்குள் திட்டாகக் குவிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், அதிகம். நிலவின் பாதை சுமார் 18.6 வருடத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று வருவதால், ஓத மட்டத்தின் சராசரியைக் கணக்கிட 19 வருட அளவீடுகளை எடுக்கும் வழக்கமும் உண்டு. வீடு விற்பவர்கள் வாடிக்கையாளரை அழைத்து வருவதோ வெயிலும் அமைதியும் கூடிய மாதங்களில். அதாவது கரை மிக அகலமாக இருக்கும்போது. இதில் ஏமாற்று நோக்கம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சுற்றுலாப் பருவம் அதுதான். ஆனால் வாங்குகிறவன் பார்ப்பது வருடத்தில் பாதியை மட்டுமே.

பருவத்தோடு போய்த் திரும்பி வரும் மணல் ஒரு பக்கம். திரும்பி வராத மணலும் இருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிந்தைய வருடங்களில் அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தை எட்டியிருக்கிறது. மில்லிமீட்டர் என்று கேட்டால் சின்னதாகத்தான் தெரியும். மென்சரிவான மணற்கரையில் நீர் ஒரு அடி உயர்ந்தால், கரை ஒரு அடியா பின்வாங்கும்? பல பத்து அடி பின்வாங்கும்.

இந்தத் தகவலை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போட்ட இடங்கள் இருக்கின்றன. ஹவாயில் 2021-ல் சட்டம் இயற்றினார்கள். 2022 மே 1 முதல், விற்கும் சொத்து கடல்மட்ட உயர்வால் பாதிக்கப்படும் பகுதிக்குள் இருக்கிறது என்றால் விற்பவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புளோரிடாவில் 2024 அக்டோபர் 1 முதல், வீடு விற்பவர் வெள்ளம் தொடர்பான விவரங்களைத் தனிப் படிவத்தில் கொடுக்க வேண்டும். சொகுசு வீட்டு விற்பனைக்கு உலகப் புகழ் பெற்ற இடங்கள்தாம் இரண்டும். இப்படிச் சொல்வதால் விற்பனை நின்றுவிடும் என்று நம் பகுதி கட்டுநர்கள் தங்களிடம் வாதாடலாம். அந்த இரண்டு இடங்களிலும் சட்டம் வந்த பிறகும் கடலோர வீடுகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து, 'தனியார் கடற்கரை' என்ற சொல். எனக்குக் கொடுத்த விளக்கப் புத்தகத்தில் அது நான்கு இடத்தில் வருகிறது. பல நாடுகளில் ஈர மணல் பொதுச் சொத்து. மெக்சிகோவில் கடற்கரையோடு சேர்த்து அதை ஒட்டிய 20 மீட்டர் பட்டையும் மத்திய அரசுக்குச் சொந்தமானது, அதை யாரும் கிரயம் வாங்க முடியாது. நாங்கள் போன அன்று, குடியிருப்பின் காவலர் மணலில் கயிறு கட்டி, வலை உலர்த்த வந்த மீனவர் ஒருவரைத் திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் என் அப்பா வயது இருப்பார். வாங்குபவனிடம் இல்லாத உரிமையை இருப்பதாக நம்பவைத்து, அந்த நம்பிக்கையை வைத்தே இன்னொருவரின் பிழைப்பைத் தடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஒரு கயிற்றுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார எனக்கு விருப்பம் இல்லை.

அரிப்பைப் பற்றிக் கேட்டதும், "கவலைப்படாதீர்கள், கல் சுவர் கட்டித் தருவோம்" என்றார்கள். கல் சுவர் தனக்குப் பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கலாம். சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னால் இருக்கும் மணலைத் தோண்டும், சுவர் முடியும் இடத்தில் பக்கத்து நிலத்தை அரிக்கும். கடைசியில் வீடு நிற்கும், கடற்கரை நிற்காது. பக்கத்தில் இருப்பது அந்த மீனவர்களின் குடியிருப்பு. சுவருக்கு யார் அனுமதி தந்தது, பழுதானால் யார் செலவு என்பது ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

இனி நான் நன்றாக அறிந்த விஷயம், உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கரையோரக் காற்றில் அது நுண்துளியாகப் பறந்து வந்து ஏசி பெட்டி, கதவுக் கீல், மின்இணைப்பு என்று எதையும் விடாமல் பிடிக்கும். மோசமானது, கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுவது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியே மெல்லிய பழுப்புக் கோடு தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும். கப்பலில் நாங்கள் வாரம் தவறாமல் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்போம். வீட்டை யார் சுரண்டுவது?

2021 ஜூன் 24 அதிகாலையில் புளோரிடாவின் சர்ஃப்சைடில் கடற்கரையை ஒட்டிய 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். 1981-ல் கட்டப்பட்ட கட்டடம் அது. நீச்சல் குளத் தளத்தின் அடியில் நீர்காப்பு பழுதாகிக் கான்கிரீட் சேதமடைந்திருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவைப் பற்றி உரிமையாளர்களுக்குள் நீண்ட காலம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருடமே அந்த மாநிலம் பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டாய ஆய்வும், கட்டமைப்புப் பழுதுக்கென ஒதுக்கப்பட்ட நிதியும் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. எனக்குக் காட்டிய பராமரிப்புக் கணக்கில் தோட்டக்காரர், கிளப் ஹவுஸ், காவல், விளக்கு எல்லாம் இருந்தன. கட்டமைப்பு நிதி என்று ஒரு வரி இல்லை. மாதக் கட்டணம் குறைவாகத் தெரிவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். கடலோரத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே 1 மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறும், இதுதான் கணக்கு. வீட்டுக்கு ஒரு நீச்சல் குளம், சுற்றிலும் புல்தரை, எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணறு. பக்கத்துக் குடியிருப்பின் கிணறுகள் எத்தனை நாள் தாங்கும்? குடியிருப்பின் நீர் ஆதாரம் எது என்று நான் எழுத்தில் கேட்டும் பதில் வரவில்லை.

நாங்கள் இல்லாத மாதங்களில் வீட்டை வாடகைக்கு விட்டு வருமானம் தருவதாகவும் சொல்கிறார்கள். சரி, அது அவரவர் கணக்கு. அந்த வருமானம் எத்தனை வருடத்துக்கு உறுதி, செலவு கழித்தா கழிக்காமலா, நிலம் முழு உரிமையா குத்தகையா என்பவை முதல் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆகவே தங்களை வேண்டுவது இதுதான். கடலிலிருந்து தாங்கள் நிர்ணயிக்கும் தூரத்துக்குள் விற்கப்படும் எந்த வீட்டுக்கும், உயர் அலைக்கோடு எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் அளந்தது, மனையின் எல்லையில் இருந்து எத்தனை மீட்டர் என்பது அரசு நில அளவரின் கையொப்பத்தோடு கிரய வரைபடத்தில் இருக்க வேண்டும். அளந்து 12 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் பதிவு செய்யக் கூடாது. அளவு கொந்தளிப்புப் பருவத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். கிடைக்கும் பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து, கடந்த 20 வருடத்தில் கரை எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கும் அதே தாளில் வரவேண்டும். தடுப்புச் சுவர் இருந்தாலோ கட்டப்போவதாகச் சொன்னாலோ அதன் அனுமதி எண், நீர் ஆதாரம், கட்டமைப்பு நிதி ஆகிய மூன்றும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பொதுக் கடற்கரையைத் 'தனியார் கடற்கரை' என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்ய வேண்டும். மணலில் கட்டியிருக்கும் கயிறுகளை அகற்ற உத்தரவிட வேண்டும்.

இது எனக்கு மட்டும் வேண்டிய சலுகை அல்ல. அந்தக் குடியிருப்பில் முன்பணம் கட்டிய வேறு சில குடும்பங்களிடமும் பேசினேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் அமைதிப் பருவத்தில் மட்டுமே இடத்தைப் பார்த்தவர்கள். ஓய்வூதியப் பணம் முழுவதையும் போட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். கடலோரத்தில் யாரும் வீடே வாங்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை; எனக்கும் அந்த ஆசை இன்னும் விடவில்லை. தள்ளி, பின்வரிசையில் கொஞ்சம் மேடான மனையைக் கொடுத்தால் இன்றைக்கே கையெழுத்திடுவேன்.

இரண்டு முறை நான் எடுத்த படங்கள், எல்லைக்கல்லில் இருந்து அளந்த குறிப்பு, எனக்குத் தரப்பட்ட வரைபடத்தின் நகல் ஆகியவற்றை இத்துடன் சமர்ப்பிக்கிறேன். கிரயத்துக்கு இன்னும் 45 நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு நாள் ஒதுக்கி என்னை நேரில் விசாரிக்க வேண்டும் என்றும், முடிந்தால் நில அளவர் ஒருவரை வரும் பௌர்ணமியன்று நீர் ஏறும் நேரத்தில் அந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று நானும் எல்லைக்கல் அருகில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்