கடற்சுவர்ப் பல்லுயிர்ப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

துறைமுகக் கடற்சுவரில் கடல் உயிர்கள் வாழ இடம் அமைப்பதற்காகப் பொதுக்குழுவில் தாங்கள் ஒப்புதல் அளித்த பணி நிறைவுபெற்றது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே அனுப்பப்படுகிறது. என்ன செய்தோம், ஏன் அவ்வாறு செய்தோம், எங்கே தவறினோம் என்பவற்றை மட்டும் இங்கே தெரிவிக்கிறோம்.

இயற்கையான பாறைக்கரை சரிந்து நீண்டு கிடப்பதால், ஓதம் (கடல்நீர் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் பரப்பு அங்கே பல மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். செங்குத்தான சுவரிலோ அது ஓதத்தின் உயர வேறுபாட்டளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பாறையில் உள்ள வெடிப்பு, குழி, நீர் தேங்கும் குட்டை, நிழல் விழும் அடிப்புறம் எதுவும் வழவழப்பான சுவரில் கிடையாது. தண்ணீர் வற்றியதும் சுவர் காய்ந்து சூடேறுகிறது. அதைத் தாங்கும் சிற்சில உயிர்களே எஞ்சுகின்றன. ஆகவே, சுவரின் உறுதி குன்றாமல் அதற்கு ஈரமும் நிழலும் தருவதே பணியின் நோக்கமாயிற்று.

பிற நகரங்களின் அனுபவம் எங்களுக்குத் துணைநின்றது. கரையில் பாதிக்கு மேல் செயற்கைச் சுவராகிவிட்ட சிட்னி துறைமுகத்தில், 2018 இல் தொடங்கிய 'லிவிங் சீவால்ஸ்' திட்டத்தினர் பாறைக் குழிகளையும் அலையாத்தி வேர்களையும் ஒத்த வடிவங்களில் அறுகோணக் கான்கிரீட் பலகைகளை வார்த்துப் பழைய சுவர்களில் பொருத்தினர். அமெரிக்காவின் சியாட்டிலில் 2017 இல் முடிந்த எலியட் விரிகுடாச் சுவரில் மேடுபள்ளமான முகப்பு அமைத்ததோடு, மேலே உள்ள நடைபாதையில் ஒளி கீழிறங்கக் கண்ணாடிக் கட்டிகளையும் பதித்தனர். கரையோரமாக நீந்தும் சால்மன் குஞ்சுகள் இருண்ட நிழலுக்குள் நுழையத் தயங்குவதால் அந்த வெளிச்சம் தேவைப்பட்டது.

சுவரிலேயே குழி வெட்டலாம் என்ற யோசனையை நீண்ட விவாதத்துக்குப் பின் கைவிட்டோம். உள்ளிருக்கும் கம்பிகளை மூடிய கான்கிரீட்டின் தடிமன் குறைந்தால், உப்பு விரைவில் உள்ளிறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். எனவே குழியும் வரிப்பள்ளமும் கொண்ட பலகைகளைத் தனியே வார்த்து, துருப்பிடிக்காத எஃகு ஆணிகளால் சுவரின் மேல் பொருத்தினோம். புதிய கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு கடல்நீரில் சுமார் 8.1 ஆக இருக்க, கான்கிரீட்டினுடையது 12 முதல் 13 வரை இருக்கும். அதைத் தணிக்க, இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டைத் தேர்ந்தெடுத்து, வார்த்த பலகைகளை நீரில் ஊறவைத்த பிறகே பயன்படுத்தினோம்.

ஒரு பிழையை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் வரிசைப் பலகைகள் உரிய இடத்துக்கு மேலே பொருத்தப்பட்டுவிட்டன. உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பதில், கட்டுமான வரைபடம் நில அளவை மட்டத்தையும், ஓத அட்டவணை அதைவிடத் தாழ்ந்த கடல் வரைபட மட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டது குழுவின் கவனக்குறைவே. அந்த வரிசையின் குழிகளில் நண்பகலில் நீர் முழுதும் வற்றி, அடியில் உப்புப் படலம் மட்டுமே மிஞ்சியது. மற்ற வரிசைகளைத் தாழ்த்திப் பொருத்தினோம். முதல் வரிசையைக் கழற்றாமல் ஒப்பீட்டுக்காக விட்டுவைத்துள்ளோம்.

கீழ் வரிசைகளில் முதலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத வழுக்கும் படலம் படிந்தது. பிறகு குண்டூசித் தலையளவு வெண்புள்ளிகளாகக் கொட்டலசுகள் (பாறையில் நிலையாக ஒட்டி வாழும் ஓடுடைய சிற்றுயிர்கள்) ஒட்டின. தம் இனத்தின் வாடை உள்ள இடத்தையே அவற்றின் இளம் உயிரிகள் தேடி அமர்வதால், ஒரு பள்ளம் நிறைந்த பின்னரே அடுத்தது நிறையத் தொடங்கியது. தொப்பி வடிவ நத்தைகள் நிழற்புறத்தில் வந்து சேர்ந்தன. அண்மையில் ஒரு மாலை, ஓதம் இறங்கியபின் கைமுட்டியளவுக் குழி ஒன்றில் விரலை வைத்தபோது நீர் குளிர்ந்திருந்தது. பக்கத்து வெறுஞ்சுவரோ உள்ளங்கையைச் சுட்டது. குழியின் அடியில் நகத்தளவு நண்டு ஒன்று இரு கொடுக்குகளையும் உயர்த்தி எங்களை எதிர்த்து நின்றது. இப்பணிக்காக உழைத்த அனைவருக்கும் அந்தக் காட்சியைக் காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

இப்பலகைகளின் பலனைக் காரணம் காட்டிப் புதிய சுவர் எழுப்ப எவரும் முற்பட்டால் குழு அதை ஏற்காது. இயற்கைக் கரை எஞ்சியுள்ள இடத்தில் அதைக் காப்பதே முறை. இயற்கைக் கரையை ஏற்கெனவே இழந்துவிட்ட இடங்களுக்கு மட்டுமே இப்பலகைகள் உரியவை.

சுவரில் படிந்தவற்றைச் சுரண்டித் துப்புரவு செய்யும் வழக்கத்தை, ஏணிகளும் படகு கட்டும் வளையங்களும் உள்ள இடங்களோடு நிறுத்திக்கொள்ளத் துறைமுக நிர்வாகம் இசைந்துள்ளது. வண்டலும் பிளாஸ்டிக் துணுக்குகளும் அடைத்த குழிகளை மட்டும் கையால் சுத்தம் செய்கிறோம். பலகைகளையும் அருகில் விட்டுவைத்த வெறுஞ்சுவர்ப் பகுதிகளையும் ஒரே நாளில் படமெடுத்து, உயிரினங்களை இனவாரியாக எண்ணும் பணி அடுத்த பெருந்தாழ் ஓதத்தில் (நீர்மட்டம் வழக்கத்தைவிட மிகவும் இறங்கும் ஓதம்) தொடங்குகிறது. அயல் இனங்கள் தென்பட்டால் அவை தனிப் பட்டியலில் சேர்க்கப்படும். எண்ணிக்கைக்கு வர விரும்பும் உறுப்பினர்கள் வழுக்காத காலணியுடன், தாழ் ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வடக்குப் படித்துறைக்கு வந்து சேருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பணிக்குழு