இரண்டு வருட அனுபவத்தை எங்கே போய் வாங்குவது?

ஆசிரியருக்கு,

பட்டதாரிகளுக்கு வேலை தெரியாது என்று எங்கள் ஊர் முதலாளிமார் காண்பவரிடமெல்லாம் குறைப்படுகிறார்கள். நான் உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பகுதியில் இருக்கிறேன், நேர்முகத் தேர்வுகளிலும் உட்காருகிறேன், அதனால் அது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். பாதி உண்மை.

அண்மையில் முகாமைத்துவப் பட்டத்தில் நல்ல சித்தி பெற்ற ஒரு பிள்ளை வந்தார். வங்கிக் கணக்கிணக்கக் கூற்று (நமது காசுப் பதிவும் வங்கியின் பதிவும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று காட்டுவது) ஏன் தயாரிக்கிறோம் என்று தடுமாறாமல் சொன்னவர், காசேட்டையும் வங்கிக் கூற்றையும் கையில் கொடுத்ததும் அப்படியே நின்றுவிட்டார். பரீட்சையில் எந்தக் காசோலை இன்னும் வங்கியில் மாற்றப்படவில்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கும். இங்கே அதை நாம்தான் வரி வரியாகத் தேட வேண்டும், வங்கி சொல்லாமல் வெட்டிய கட்டணத்தையும் சேர்த்து. ஆனாலும் வேலைக்கு எடுத்தோம். பக்கத்து மேசை அக்கா ஒருதடவை கூட இருந்து டிக் போட்டுக் காட்டினார், அடுத்த மாதம் அந்தப் பிள்ளை தனியாகவே முடித்துவிட்டார்.

அவ்வளவுதான் தேவைப்பட்டது. அதைச் செய்ய மனமில்லாமல், தொடக்க வேலைக்கே இரண்டு வருட அனுபவமும் மூன்று மொழியும் கேட்டு விளம்பரம் போட்டால் அந்த முதல் இரண்டு வருடத்தை யார் கொடுப்பது? கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, வணிகக் கற்கைகளும் அங்கே உண்டு, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களும் கிட்டத்தான். மே முதல் செப்டெம்பர் வரை சீசன், ஆள் போதாமல் திண்டாடுகிறோம். இறுதி வருட மாணவர்களை அப்போது பயிற்சிக்கு எடுங்கள், பஸ் காசும் சாப்பாடுமாவது கொடுங்கள், தயவுசெய்து போட்டோகொப்பி எடுக்க மட்டும் விடாதீர்கள்.

வளாகத்திடமும் ஒன்று கேட்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் சிங்களத்தில் கோபமாகப் பேசினால் நிதானமாகப் பதில் சொல்ல, ஆங்கிலத்தில் நாலு வரி மின்னஞ்சல் எழுத, விரிவுரை மண்டபத்திலேயே பழக்கலாம்.

அப்புறம், பட்டதாரிகள் அரச வேலைக்கே காத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. 2017 இல் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அவர்கள் மாதக்கணக்கில் வீதியோரம் போராடியது தனியார் வேலையை நம்ப முடியாததாலும்தான். ஊழியர் சேமலாப நிதியை வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், முதலாளியின் பங்கு 12 வீதம். அதை "நிரந்தரமானதும் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிற இடத்துக்கு எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை அனுப்புவார்கள்? நியமனக் கடிதத்தை முதல் நாளே கையில் கொடுங்கள், பிறகு திறமையைக் கேளுங்கள்.

ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.