முதல் நிரலாக்க மொழி குறித்துப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். கணினி அறிவியல் முதலாண்டு மாணவர்களுக்கு எந்த நிரலாக்க மொழியை முதலில் கற்பிப்பது என்று நீங்கள் முடிவெடுக்கவிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக அவர்களுடைய ஆய்வகத்தில், ஒவ்வொரு திரைக்கும் முன் நின்று பிழை தேடியவன் என்ற முறையில் என் கருத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எந்த மொழிக்கு வேலை கிடைக்கும் என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டுகிறேன். நிக்லாஸ் விர்த் கற்பித்தலை மனத்தில் வைத்து வடிவமைத்து 1970இல் வெளியிட்ட பாஸ்கலில்தான் நான் படித்தேன். இன்று அந்த மொழியைக் கேட்கும் வேலை விளம்பரத்தைக் காண்பது அரிது. ஆனால் ஒரு பெரிய கணக்கைச் சிறு செயற்கூறுகளாகப் பிரிக்க அதில் பழகியிருந்ததால், பின்னாளில் சி மொழிக்கு மாறியபோது பாயிண்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) நீங்கலாக எனக்குப் புதிதாக இருந்தவை பெரும்பாலும் குறியீடுகள்தாம்.

என் பரிந்துரை, முதல் பருவத்தில் பைத்தான், இரண்டாம் பருவத்தில் சி என்பதாகும். இரண்டில் ஒன்று போதும் என்று வாதிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

சி-யிலிருந்தே தொடங்கினால் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். விசைப்பலகையிலிருந்து ஓர் எண்ணை வாங்க ஸ்கேன்எஃப் எழுதும் மாணவி, மாறியின் பெயருக்கு முன் 'அண்ட்' (&) குறியை விட்டுவிடுகிறாள்; நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஓர் எச்சரிக்கையோடு நிரலை ஏற்றுக்கொள்கிறது; எண்ணை உள்ளிட்டதும் நிரல் நின்றுபோகிறது. காரணத்தைச் சொல்ல நினைவக முகவரியை விளக்க வேண்டும். மாறி என்றால் என்னவென்றே அப்போதுதான் கேள்விப்பட்டவளுக்கு அதை எப்படி விளக்குவது? "இப்போதைக்கு அந்தக் குறியைப் போட்டுவிடு" என்று சொல்லி நகர்கிறோம். அடிப்படைப் பாடமே மனப்பாடமாகிவிடுகிறது. பைத்தானில் இந்தச் சடங்கு இல்லாததால் லூப் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்குதல்), நிபந்தனை, செயற்கூறு, அது தன்னைத்தானே அழைத்தல் ஆகியவற்றுக்கு உடனே போய்விடலாம். (ஸ்கீம் மொழி மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு, கற்பிக்க ஆர்வமுள்ள ஆசிரியர்கள் போதுமான அளவில் இருந்தால் அதையே முதலில் வைக்கச் சொல்லியிருப்பேன்.)

ஆனால் பைத்தான் மறைப்பதும் நிறைய. பட்டியலின் கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்க்கவும் ஒரு வரி, தலையில் சேர்க்கவும் ஒரு வரி. தலையில் சேர்க்கும்போது, ஏற்கெனவே இருக்கும் அத்தனை உறுப்புகளும் ஓரிடம் நகர்த்தப்படுகின்றன என்பது அந்த வரியில் எங்கும் தெரிவதில்லை. ஒரு லட்சம் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தலையிலேயே சேர்த்தால் ஏறத்தாழ 500 கோடி நகர்த்தல்கள் ஆகின்றன. சி-யில் அந்த நகர்த்தலை மாணவரே லூப் போட்டு எழுதியாக வேண்டும். முதன்முறை எழுதும்போது பலரும் முன்னிருந்து பின்னோக்கி நகர்த்தி, முதல் எண்ணே எல்லா இடங்களிலும் நிரம்பியிருப்பதைக் கண்டு திகைக்கிறார்கள். பிறகு தாளில் கட்டங்கள் வரைந்து, கடைசியிலிருந்து தொடங்க வேண்டும் என்று தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். ஒரு செயலுக்குக் கணினி எவ்வளவு உழைக்கிறது, அதாவது செலவு என்ற கருத்து அன்றுதான் அவர்களுக்குப் பிடிபடுகிறது.

எண்களின் எல்லையும் அப்படித்தான். பைத்தானின் முழு எண் தேவைக்கேற்ப வளரும். சி-யில், குறை எண்களையும் ஏற்கும் 32 பிட் முழு எண்ணோ 2147483647ஐத் தாண்டாது. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடலில், நடு இடத்தைக் காண முதல், கடைசி இட எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, அந்தக் கூட்டுத்தொகை முழு எண்ணின் எல்லையை மீறக்கூடும் என்ற பிழை ஜாவாவின் நூலகத்திலேயே பல ஆண்டுகள் கிடந்து 2006இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பைத்தானோடு நின்றுவிடும் மாணவர் இத்தகைய பிழையைக் கனவிலும் சந்திக்கமாட்டார்.

மொழி எதுவானாலும், வினாத்தாள் மாறாவிட்டால் பயனில்லை. அரைப்புள்ளி எங்கே விடுபட்டது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எட்டு வரி நிரலைக் கொடுத்து, லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறிகளின் மதிப்பை எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் பருவத்துக்கு வாரம் ஓர் ஆய்வக வகுப்பைக் கூடுதலாக ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பாயிண்டர் பிழையைத் தேடி முடிக்க இப்போதுள்ள நேரம் போதவில்லை.

இப்படிக்கு,
முதலாண்டு ஆய்வக ஆசிரியர் ஒருவர்