பால் கொடுக்கும் தாய்க்குத் தலைவலி மாத்திரையே கூடாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், பால் கொடுக்கும் ஒரு வாசகி ஒற்றைத் தலைவலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டிருந்தார். 'குழந்தை பால் மறக்கும்வரை எந்த மாத்திரையும் வேண்டாம், இருட்டறையில் ஓய்வெடுங்கள்' என்று பதில் வந்திருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருட்டறையில் ஓய்வா? மருந்தாளுநரான எனக்குப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது.

இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்பதைக் கவுன்டரில் நின்று பார்க்கிறவள் நான். அண்மையில் ஓர் இளைஞர், ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் மாத்திரை எழுதிய சீட்டை நீட்டினார். கூடவே பால்பவுடர் டின்னும் கேட்டார். "மாத்திரை போட்டா பால் குடுக்கக் கூடாதாமேக்கா?" என்றார். வீட்டில் மனைவி பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தாராம். மாத்திரை இன்னும் என் கையில்தான் இருந்தது!

விழுங்கும் சுமாட்ரிப்டானில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் தாயின் ரத்தத்துக்கே போய்ச் சேருகிறது. அதில் பாலில் இறங்குவது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் குழந்தையின் குடல் முழுசாக உறிஞ்சுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2001-ல் வெளியிட்ட பட்டியலிலேயே, பால் கொடுக்கும்போது பயன்படுத்தக்கூடிய மருந்துகளோடு இதைச் சேர்த்திருக்கிறது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் 12 மணி நேரம் பால் கொடுக்க வேண்டாம் என்று பொடி எழுத்தில் இருப்பது உண்மைதான். அது கூடுதல் ஜாக்கிரதைக்காகச் சொல்வது. குறைமாதக் குழந்தையாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது அவசியம். சாதாரண வலிக்கு பாராசிட்டமால், இப்யூபுரோஃபென் இருக்கவே இருக்கின்றன. இரண்டுமே பாலில் மிகக் குறைவாகத்தான் வரும்.

எல்லாமே கூடாது என்று சொல்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உண்மையில் எது கூடாது என்பது மறைந்துபோகிறது. வலி பொறுக்க முடியாமல் போனால், கர்ப்பத்துக்கு முன்பு வாங்கி அலமாரியில் கிடக்கும் பழைய அட்டையைத்தான் எடுப்பார்கள். அதில் எர்கோட்டமைன் என்ற பழைய ஒற்றைத் தலைவலி மருந்து இருந்தால் குழந்தைக்கு வாந்தி, பேதி, வலிப்புகூட வரலாம். பால் சுரப்பும் குறையும். கோடீன் என்ற வலிநிவாரணி கலந்த மாத்திரையும் வேண்டாம்: சில தாய்மாரின் உடல் அதை வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், குழந்தைக்கு மூச்சு மந்தமாகும். வலிக்குப் போடும் அளவில் ஆஸ்பிரினும் வேண்டாம். வலி வராமல் தடுக்கத் தினசரி மருந்து தேவைப்பட்டால், பெரும்பாலும் புரோப்ரனோலால் ஒத்துப்போகும். ஃப்ளூனாரிசின் என்ற இன்னொரு தடுப்பு மருந்து உடம்பிலிருந்து வெளியேற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பாலைத் திடீரென்று நிறுத்தினால் மார்பில் பால் கட்டி, காய்ச்சலில் கொண்டுபோய் விடும் என்பதையும் அந்தப் பதில் கணக்கில் எடுக்கவில்லை.

சொல்லியே ஆக வேண்டிய ஒன்றையும் விட்டுவிட்டார்கள். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் புதிதாகவோ, வழக்கத்தைவிடக் கடுமையாகவோ தலைவலி வந்தால், பார்வை மங்கினால், கை கால் மரத்துப்போனால், அதை ஒற்றைத் தலைவலி என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த கேள்வி-பதில் பகுதியிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்