குடவோலையைத் ‘தேர்தல்’ என்று எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி “அன்றே நடந்த தேர்தல்” என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து மனிதர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதை அந்த ஒரு சொல்லே மறைத்துவிடுகிறது. அங்கே யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்க, ஊரின் 30 குடும்பிலும் (ஊர்ப் பிரிவிலும்) தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். கோயில் நம்பிமாரில் (பூசை செய்வோரில்) மூத்தவர், மேல் நோக்கியபடி, எல்லோரும் காண அதை ஏந்தி நிற்பார். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்து மத்தியஸ்தனிடம் (நடுவரிடம்) கொடுப்பான். மத்தியஸ்தன் அதை “அஞ்சு விரலும் அகல வைத்து” உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும். அதையே நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். மடக்கிய விரலுக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா? வேதம் கற்ற சபையார், எந்த ஒருவர் கையையும் கண்ணையும் நம்பாமல் செய்த ஏற்பாடு இது.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனை விலக்கும் விதி இன்னும் ஆழமானது. அவனோடு சிற்றவ்வை பேரவ்வை (சித்தி, பெரியம்மா) மக்கள், மாமன், மாமனார், மருமகன், உடன்பிறந்தாளின் கணவன் என்று உறவு முழுவதும் விலக்கப்படுகிறது. குற்றம் தனி ஆளோடு நிற்பதாக அவர்கள் எண்ணவில்லை. இந்தப் பட்டியலைத்தான் பாடநூல்கள் முதலில் வெட்டுகின்றன.

இன்னொரு பிழையும் அடிக்கடி நேர்கிறது. கல்வெட்டுகள் இரண்டு: கி.பி. 919-இல் ஒன்று, 921-இல் மற்றொன்று. முதலாவதில் தகுதி வயது 30-க்கு மேல் 60-க்குள். அடுத்ததில் 35-க்கு மேல் 70-க்குள். இரண்டையும் கலந்து ஒரே பட்டியலாக்கினால், இரண்டே ஆண்டில் அவர்கள் தங்கள் விதியைத் திருத்திக்கொண்டது தெரியாமலே போகும். கால்வேலிக்கு (வேலி என்ற நில அளவில் கால் பங்குக்கு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் கேட்ட பிராமணச் சபை இது என்பதையும், சபை கூடியபோது அரசனின் அதிகாரி உடனிருந்தார் என்பதையும் விடாமல் எழுதுங்கள்.

அடுத்த பதிப்பில் ‘தேர்தல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் ‘குடவோலை’ என்றே வையுங்கள். கல்வெட்டின் பத்து வரியை அப்படியே அச்சிட்டுப் பக்கத்தில் உரை கொடுங்கள். பயிற்சிக்கு இரண்டு பானையும் 30 ஓலைக்கட்டும் போதும். பானையை ஏந்தும் மாணவர் ஏன் மேலே பார்த்து நிற்க வேண்டும் என்பதை வகுப்பே சொல்லட்டும்.